லைன் ரிட்டன் சொன்னது யார்?

எழுபதுகளின் தொடக்கத்தில் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதல் வாரமே ‘லைன்’ என்கிற சொல் என்னைக் கிறுகிறுக்க வைத்துவிட்டது. கரண்ட் போனால் விவசாயிகள் "லைன் இல்லீங்க" என்பார்கள். இன்ஜினியரைத் தேடினால், "ஐயா லைன்ல போயிருக்காரு." போனை எடுத்தால், "லைன்லயே இருங்க." நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டு வரிசைக்கும் லைன் வூடு என்றுதான் பெயர். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "மாப்ள எந்த லைன்ல இருக்காருங்க?" என்று கேட்டார்கள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊரே குடித்தனம் நடத்தியது.

இத்தனையிலும் உயிர் போகிற சமாசாரம் ‘லைன் கிளியர்’. கம்பத்தில் ஏறுகிறவர் தன் பெயரில் அதைக் கேட்டு வாங்குவார். நான் சப்ளையை நிறுத்துவேன். வேலை முடிந்ததும் அவரே, தன் வாயாலேயே, "லைன் ரிட்டன்" சொல்ல வேண்டும். நேரத்தை லாக் புக்கில் எழுதிய பிறகுதான் சப்ளையைத் திரும்பக் கொடுக்கும் பிரேக்கரை நான் தொடலாம். வேறு யார் சொன்னாலும், இன்ஜினியரே சொன்னாலும், செல்லாது.

ஒரு சித்திரை மதியம். மாற்று ஆள் வராததால் முந்தின நாளிலிருந்து நானே டியூட்டி. லைன்மேன் காதர் பாய் லைன் கிளியர் வாங்கிக்கொண்டு இரண்டு மைல் தள்ளி வேலை செய்துகொண்டிருந்தார். டிரான்ஸ்பார்மர் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வெயில் மெல்ல வந்து மேசைமேல் படுத்துக்கொண்டது. லைன் இல்லீங்க, லைன்லயே இருங்க என்று யார் யாரோ எங்கோ தூரத்தில் பேசினார்கள். நடுவே காதர் பாய் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி: "லைன் ரிட்டன்ங்க. சப்ளை குடுத்துருங்க."

எழுந்தேன். பிரேக்கர் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். வாசலில் விவசாயி மாரப்பன் வந்து நின்றார். "நாத்து காஞ்சு போவுதுங்க சாமி, சீக்கிரம் லைன் உடுங்க!"

பழக்கத்தில் கண் லாக் புக்குக்குப் போனது. ரிட்டன் கட்டம் காலி. போன் அடித்ததா, நான் எடுத்தேனா? ஒன்றும் நினைவில்லை. குரல் மட்டும் காதில் இருந்தது. சத்தியமாக அது காதர் பாய் குரல்தான்.

"மாரப்பண்ணே, இப்ப போன் அடிச்சுதுங்களா?"

"நானே இப்பத்தான வந்தேன். எனக்கென்னங்க தெரியும்?"

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். காதர் பாய் வழக்கமாகப் பேசும் ரைஸ் மில்லுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. மாரப்பனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "சைக்கிள்ல ஒரு எட்டு போய், காதர் பாய் கீழ எறங்கிட்டாரான்னு பாத்துட்டு வாங்கண்ணே." என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

திரும்பி வந்தவர் ஸ்டாண்டு போடாமல் சைக்கிளை அப்படியே கீழே விட்டார்.

"மேலதானுங்க இருக்காரு. ரெண்டு கையும் கம்பி மேல..."

நாற்றைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அரைமணி கழித்து நிஜமாகவே போன் வந்தது.

"பாய், நீங்கதானா? பேரைச் சொல்லுங்க!"

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று சிரித்தார் காதர் பாய்.

லாக் புக்கில் ‘தூங்கிவிட்டேன்’ என்று எழுதினேன். விளக்கம் கேட்டு ஆபீஸிலிருந்து மெமோ வந்தது. நடந்ததைக் கேள்விப்பட்ட காதர் பாய் அதைக் கேட்டு வாங்கினார். "என் உசுருக்காக வாங்குன மெமோங்க இது. வூட்ல ஒருக்கா காட்டிட்டுத் தரேங்க."

மறுநாள் அவர் மனைவி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மா இலையில் சோறு குறையக் குறையப் போட்டுக்கொண்டே இருந்தார்.

புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு ஒன்று சொல்வேன்: தூங்கினால் தூங்கினேன் என்று எழுதுங்கள். மெமோ வந்தால் வரட்டும்.