இறுகாத முன்கம்பி

அண்ணன் மறுபடியும் கடலுக்குப் போக அந்தப் பாய்மரப் போட்டு ஒன்றுதான் வழி. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கரை ஏற்றும்போது கட்டுமரம் அலையில் புரண்டு அவன் வலது முட்டியின் மேல் விழுந்தது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நடப்பான். முட்டி மட்டும் மடங்காது. கட்டுமரத்தில் முட்டி போட்டுத்தான் துடுப்புப் போட வேண்டும். மடங்காத காலோடு அதில் ஒன்றும் ஆகாது. நானும் அவனும்தான் ஒரே மரத்தில் போவோம். வேறு ஆளோடு போக எனக்கு மனசு வரவில்லை. நானும் கரையில் நின்றுவிட்டேன். கரைவலைக்காரர்கள் கூப்பிட்டால் போய்க் கயிறு இழுப்பேன்.

எங்கள் குப்பம் அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். அண்ணி ஆற்றோரத்துப் பங்களாக்களுக்கு மீன் கொடுப்பாள். அதில் ஒரு வீட்டு மாமரத்தடியில் சின்னப் பாய்மரப் போட்டு ஒன்று பல வருஷமாகக் குப்புறக் கிடந்தது. அந்த வீட்டு ஐயா பொழுதுபோக்குக்கு ஆற்றில் ஓட்டியது. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை.

"சும்மாதானே கிடக்கு. உங்க ஆளுங்களை வரச்சொல்லி எடுத்துண்டு போ" என்று வீட்டம்மா அண்ணியிடம் சொன்னாள்.

தூக்கி வந்தோம். அதில் உட்காரப் பலகை இருந்தது. அண்ணன் உட்கார்ந்து பார்த்தான். நீட்டிய கால் உள்ளே அடங்கியது. அன்றைக்குச் சோறு இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றான்.

படகின் முகப்பை நாங்கள் அணியம் என்போம். அண்ணி அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அம்மன் காலடியில் வைத்து வாங்கிய மஞ்சள் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். எங்களில் அணியத்தில் கால் வைக்கமாட்டோம். அங்கே கட்டின துணியைக் கை வைத்து அவிழ்க்கவும் மாட்டோம். அதுவாக இற்று விழ வேண்டும்.

அந்தப் போட்டின் பாய்மரத்தை மூன்று கம்பிகள் இழுத்துப் பிடித்திருந்தன. பக்கத்துக்கு ஒன்று. முன்னால் ஒன்று, மரத்தின் மேலிருந்து அணியத்துக்கு. அந்த முன்கம்பியின் அடியில் ஒரு இரும்புத் திருகு. திருப்பினால் கம்பி இறுகும். திருகைப் பிடித்திருந்த தகடு அணியத்து மரத்தில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. அது துணிக்குள்ளே போய்விட்டது. முன்கம்பியில் கொக்கி கொக்கியாக மாட்டித் தொங்குவது முன்பாய். பெரிய பாய் தள்ளும். காற்றுக்கு எதிரே ஏற வேண்டும் என்றால் முன்பாய் சரியாக நிற்க வேண்டும்.

முதல் தரம் ஆற்றுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம். ஏறவில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டில் போனது. அண்ணன் முன்பாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பி தொங்குது பாரு. பாயி தொப்பை வுட்டுக்கினு கீது. அத்த இறுக்குடா."

இறுக்கினேன். கம்பி விறைத்து நின்றது. போட்டு ஏறியது. மறுநாள் காலையில் போய்த் தொட்டுப் பார்த்தேன். துணி உலர்த்தும் கொடி மாதிரி தொய்ந்து கிடந்தது.

மறுபடி இறுக்கினேன். மறுபடி தொய்ந்தது. தினமும் இதே வேலை. திருகில் மரை தீர்ந்துபோனது. ராயப்பேட்டை லேத்துப் பட்டறைக்குப் போய், கம்பியைத் திருகோடு சேர்க்கும் துண்டைக் கட்டையாகச் செய்து தரக் கேட்டேன்.

"கம்பி நீண்டுக்கினே போவுது வாத்யாரே" என்றேன்.

"இரும்புக் கம்பி இன்னா ரப்பரா நைனா, டெய்லி நீள?" என்று சிரித்தார் பட்டறைக்காரர். செய்து கொடுத்தார்.

மாட்டினேன். அதுவும் தொய்ந்தது. பாய்மரத்தின் காலில் ஆப்பு வைத்துப் பார்த்தோம். முன்பாயை இழுக்கும் கயிற்றைப் பின்னால் தள்ளிக் கட்டினோம். பாயின் கீழ்முனையைக் கம்பியோடு இன்னும் ஒட்டிக் கட்டினோம். எது செய்தாலும் அன்றைக்கு ஒரு பொழுது நிற்கும். அவ்வளவுதான்.

குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது நிற்பார்கள்.

"இன்னாபா, அண்ணனும் தம்பியும் வீணைக்குத் தந்தி கட்றீங்களா? கச்சேரி எப்போ?"

"உங்கொப்பன் ரெண்டாங் கல்யாணத்துக்கு. வந்து முன்னாடி குந்து" என்பான் அண்ணன். அவர்களும் சிரிப்பார்கள்.

கம்பி இறுகியிருந்த ஒரு காலையில் கடலுக்கே போய்விடலாம் என்றான். போனோம். மேல்காற்று கரையிலிருந்து அடித்தது. போட்டு சுகமாகப் போனது. அண்ணன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கடல் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் ஊற்றித் துப்பினான்.

"அப்படியே கீதுடா" என்றான்.

வலை போட்டோம். கொஞ்சம் மீன் விழுந்தது. மத்தியானம் கடல்காற்று எழும், அதில் வந்துவிடலாம் என்று கணக்கு. அன்றைக்கு எழவில்லை. மேல்காற்று நிற்காமல் அடித்தது. கரைக்குத் திரும்ப அந்தக் காற்றுக்கு எதிரே ஏற வேண்டும். ஏறவில்லை. கம்பி தொய்ந்துவிட்டது. முன்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. கரை தள்ளிக்கொண்டே போனது.

நான் அணியத்துக்குத் தவழ்ந்து போய்த் திருகைத் திருப்பினேன். கம்பி இறுகவில்லை. மஞ்சள் துணி மேலே எழும்பியது. இன்னொரு சுற்றுத் திருப்பினேன். இன்னும் எழும்பியது.

"ண்ணா, துணி எழுந்துக்கினு வருது."

அவன் துணியைப் பார்த்தான்.

"கைய எடு. ரெண்டு பாயையும் எறக்கு" என்றான்.

எங்களை இழுத்துக்கொண்டு வந்தது குப்பத்துக் கட்டுமரம் ஒன்று. வீணை என்று கேலி செய்த அதே ஆட்கள். தங்கள் பாயை இறக்கிவிட்டுக் காற்றுக்கு எதிரே துடுப்புப் போட்டார்கள். கரை வரும்வரை ஒருவரும் கேலி செய்யவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

கரையில் அண்ணியே துணியை அவிழ்த்தாள். உள்ளே மரம் ஊறின புண்ணாக்கு மாதிரி இருந்தது. திருகாணிகளை விரலால் பிடுங்க முடிந்தது. தகடு கையோடு வந்தது. நாங்கள் கம்பியை இறுக்கவில்லை. இத்தனை நாளும் அணியத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

மரவேலைக்காரர் வந்தார். குப்பத்துக்கே அவர் ஒருவர்தான். உளிக்கட்டையால் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை தட்டிக்கொண்டே போனார். ஈரச்சாக்கைத் தட்டுகிற சத்தம். எங்கே தட்டினாலும் அதே சத்தம்.

"இது மாமரத்தடியிலயே செத்துப்போச்சு நைனா. புது அணியம் வெக்கலாம். அத்தப் புடிச்சிக்க மரம் வோணுமே" என்றார்.

அண்ணி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் துணி கட்டாம இருந்தா முன்னாடியே பாத்திருப்பீங்க."

"பாத்திருந்தா முன்னாடியே அழுதிருப்போம். எழுந்து போய் சோத்தப் போடு" என்றான் அண்ணன்.

அவள் போனாள். அவன் சாப்பிட வரவில்லை. பாயை மடித்தான். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டினான். நான் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிக் கம்பியைக் கழற்றியதும் மரத்தைச் சாய்த்து மணலில் படுக்க வைத்தோம்.

"நாளைக்கு நீ கட்டுமரத்துல போ" என்றான்.

"யார்கூட?"

"எவன்கூடனா போ. குப்பத்துல ஆளா இல்ல?"

"நீ?"

"வலை பின்றேன்."

பக்கத்து வீட்டுக்காரனோடு போனேன். கடலில் என்ன செய்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. மீன் கிடைத்தது. திரும்பி வரும்போது, பொம்பளைகள் உட்கார்ந்து வலை பின்னும் நிழலில் அண்ணனும் இருந்தான். வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தான். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

கூடையை அவன் பக்கத்தில் வைத்தேன்.

"ண்ணா, மீனு."

"அண்ணிகிட்ட குடு" என்றான். திரும்பவில்லை.

காற்று எப்படி, தண்ணி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்பான் என நின்றேன். கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை. அதன் பிறகு கேட்டதே இல்லை. நானும் சொல்லவில்லை.