இடது என்று எழுதச் சொன்னவள்

அலுவலகத்தில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். பதினோரு வருடமாகக் காதைத் தவிர வேறு உறுப்பு எதுவும் அவள் மேஜைக்கு வந்ததில்லை. இத்தனைக்கும் ஒரு நோயாளியின் காதைக்கூட அவள் நேரில் பார்த்தது கிடையாது. எங்கெங்கோ இருக்கிற டாக்டர்கள் எழுதிய குறிப்புகள் கணினித் திரைக்கு வரும். படித்து, காப்பீட்டுப் பணத்துக்காக ஒவ்வொன்றுக்கும் நோய்க்குரிய குறியீட்டைப் போட்டு அனுப்ப வேண்டும். வெளிக்காதில் வரும் தொற்றுக்கு ஹெச் அறுபது. அப்புறம் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். முதல் இலக்கம் என்ன வகை என்று சொல்லும். சீழ்க்கட்டி என்றால் பூஜ்யம், தோல் சிவந்து வீங்கியிருந்தால் ஒன்று. அடுத்த இலக்கம் எந்தப் பக்கத்துக் காது என்று சொல்லும்.

வகையில் இரண்டு என்று ஒன்று உண்டு. அதுதான் பொல்லாதது. தொற்று தோலோடு நிற்காமல் எலும்புக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் சர்க்கரை நோய் உள்ள வயதானவர்களுக்கு வரும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கோப்புகள் அப்படி வரும். அவை எப்படித் தொடங்கும், எப்படிப் போகும், எங்கே போய் முடியும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோப்பில் அவள் தானாகவே அந்த இரண்டைப் போட்டாள். குறிப்பில் இருந்த அடையாளம் அத்தனையும் அதைத்தான் காட்டின. ஆனால் டாக்டர் நோயின் பெயரை எழுதியிருக்கவில்லை. தணிக்கை செய்பவர் அவளை எழுப்பி நிற்கவைத்து, பத்துப் பேர் முன்னால், டாக்டர் எழுதினால் நோய் உண்டு, எழுதாவிட்டால் இல்லை, ஊகிக்க உனக்குச் சம்பளம் கிடையாது என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்று பட்ட அவமானத்தில் அவள் திருந்தினாள். ரொம்பவே திருந்திவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அதன்பிறகு ஒரு பிழை கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவளைக் காட்டி, இவங்களைப் பார்த்துக் கத்துக்கோங்க என்று சொல்லும் அளவுக்குப் போயிற்று.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறை, கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அறுபதைத் தாண்டியும் வாய் ஓயாது. காதைப் பார்க்காமலே காது வைத்தியம் செய்கிற ஒரே ஆள் என் தங்கச்சிதான் என்று வேனில் ஏறும் டீச்சர்களிடமெல்லாம் பெருமையும் கேலியுமாகச் சொல்லுவார். சர்க்கரை பதினைந்து வருடமாக உண்டு. மாத்திரை போடுவார், இனிப்பும் சாப்பிடுவார்.

அவருக்கு இடது காது அரித்தது. வேன் சாவியை விட்டுக் குடைந்தார். நாலாம் நாள் காது தக்காளிபோல் சிவந்து வீங்கிவிட்டது. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, வெளிக்காதுத் தோல் தொற்று என்று எழுதி, சொட்டு மருந்தும் பத்து நாள் மாத்திரையும் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சீட்டை வாங்கிப் படித்தாள். படிக்கும்போதே மனசுக்குள் ஒன்று என்று இலக்கம் விழுந்துவிட்டது. சின்ன விஷயம்தான், சரியாகிவிடும் என்று அண்ணியிடம் சொன்னாள்.

வீக்கம் வடிந்தது. வலி மட்டும் வடியவில்லை. பத்து நாள் முடிந்தபோது அண்ணன் தலையணையில் அந்தப் பக்கம் சாய முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். பதினாலாம் நாள், மெல்லும்போது தாடையில் சுரீர் என்கிறது என்று சொல்லிச் சோற்றைக் குழைத்து விழுங்கினார். அவர் பேச்சு குறைந்துபோனதுதான் அவளை முதலில் பயமுறுத்தியது. வீக்கம் போன பிறகும் வலி ஏறுவது, தாடைக்குப் பரவுவது, சர்க்கரை, வயது. ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. எத்தனை கோப்புகளில் இதே வரிசையைப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் அவள் கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தாள்.

"நீ தினமும் இதைத்தானே பார்க்கிற. மறைக்காம சொல்லு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் யோசித்தாள்.

"டாக்டர் சாதாரணத் தொற்றுன்னுதானே எழுதியிருக்கார் அண்ணி. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்."

அண்ணி நிம்மதியாக உள்ளே போனாள். காதுக்காரியே சொன்ன பிறகு வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

அன்றைக்கு மதியம் யாரோ ஒருவரின் கோப்பு வந்தது. வயது அறுபத்திரண்டு, சர்க்கரை, இடது காது, மூன்று வாரம் அடங்காத வலி, தாடை வலி, காதுக்குள் புதிதாகச் சதை முளைத்திருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு இறங்கிவிட்டது என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். நாலு நிமிடத்தில் குறியீட்டைப் போட்டு அனுப்பினாள். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அண்ணனைக் கூட்டிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனாள்.

இந்த இடத்தில் அவளை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே கொஞ்சம் சதை வளர்ந்த மாதிரி இருக்கிறது, புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றார். எலும்பு என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டர் புதுச் சொட்டு மருந்தின் பெயரை எழுதி, மேலே வெளிக்காதுத் தோல் தொற்று என்று மறுபடியும் எழுதி நீட்டினார். அவள் கண் சீட்டில் ஓடியது. எந்தக் காது என்று அவர் எழுதவில்லை.

"டாக்டர், எந்தப் பக்கம்னு போடலையே. இடதுன்னு எழுதிக் கொடுத்துடுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். அவள் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். நெஞ்சுப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. உள்ளபடியே ஒரு வேலையைச் செய்து முடித்த திருப்தி. குறிப்பில் குறை இல்லை என்றால் கோப்பை மூடிவிடலாம் என்று பதினோரு வருடம் பழகிய மூளை, அண்ணனையும் சேர்த்து மூடிவிட்டது. வழியெல்லாம் அண்ணன் கைக்குட்டையால் காதைப் பொத்திக்கொண்டு பேசாமல் வந்தார்.

அடுத்த ஐந்து நாளும் வலி ஏறிக்கொண்டேதான் இருந்தது. அவள் சீட்டை எடுத்துப் பார்ப்பாள், மறுபடி வைத்துவிடுவாள். புது மருந்துக்கு ஒரு வாரமாவது ஆகும் என்று அண்ணியிடம் சொன்னாள்.

ஆறாம் நாள் காலை அண்ணன் வாய் கொப்பளித்தார். தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி கொப்பளித்தார், மறுபடி ஒழுகியது. அண்ணி அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்து அலறினாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கண் மூட மறுத்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டரம்மா மூவரையும் உட்காரவைத்தார். எப்போதிலிருந்து என்னென்ன இருந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். அரிப்பு என்றைக்கு, வீக்கம் வடிந்தது என்றைக்கு, வலி தூக்கத்தைக் கெடுத்தது எந்த நாளிலிருந்து, தாடை வலி எப்போது, சதை வளர்ந்ததைப் பார்த்தது எப்போது என்று ஒன்றுவிடாமல், தேதி பிசகாமல் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க நர்ஸா?"

இல்லை என்று தலையாட்டினாள். என்ன வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன்தான் சொன்னார். பாதி வாயில் குழறலாக, என் தங்கச்சிக்குக் காதுன்னா அத்துப்படி டாக்டர் என்றார். அந்த நிலையிலும் அவர் குரலில் பெருமை இருந்தது.

தொற்று எலும்பைத் தாண்டி முக நரம்பைப் பிடித்துவிட்டது, குறைந்தது ஆறு வாரம் ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டும், முகம் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, உயிருக்கே பயம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும் சொன்னார். அண்ணனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே நீளமான இரும்பு பெஞ்சில் அண்ணியும் அவளும் உட்கார்ந்தார்கள். அண்ணி எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு வாசல்ல நான் கேட்டேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

சீட்டில் எழுதியிருக்கவில்லை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் அண்ணி."

அண்ணி இருவருக்கும் நடுவில் இருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், அண்ணனைக் கொண்டுபோன கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.