ஒட்டகங்கள் செத்தபின் உட்கார்ந்த ஊர்

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. கடந்த பத்து வருடங்களில் எங்கெங்கே வசித்தீர்கள், ஒரு மாதமும் விடாமல் எழுதவும். கீழே முகவரிகளுக்காக ஏழு கோடுகள் போட்டிருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் கடைசி அது. எனக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்திருந்தது. இனி நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நானும் மனைவியும் வோபர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்தோம். நான் போத்தல் மூடி செய்யும் பக்டரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன். அவளுக்கு அஜின்கோர்ட்டில் ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலை. நான் வீடு வந்து சேரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் எழும்பிப் போவது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தோம்.

படிவம் நிரப்பித் தரும் அண்ணை ஒருவர், பலசரக்குக் கடையொன்றுக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்தவர். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சுப் போல எழுதிக்கொண்டு வந்தவர், அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"எண்பத்து மூண்டு கடைசியிலயிருந்து எண்பத்தொன்பது வரைக்கும் எங்க நிண்டனீர்?"

"சவூதியில, அண்ணை."

"அட்ரஸ்?"

"அட்ரஸ் இல்லை. பாலைவனம். ஒரு கிணத்தடி."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "தம்பி, கிணத்தடி எண்டு எழுதேலாது. கொம்பனிக் கடிதம் ஏதும் இருக்கோ?"

"கொம்பனி இப்ப இல்லை. குவைத் சண்டையோட மூடிட்டாங்கள்."

"அப்ப ஊரில நிண்டதெண்டு போடுவமோ? லேசான வேலை."

லேசான வேலைதான். ஆனால் அகதி விசாரணையில், சவூதியில் இருந்தேன் என்று நான் ஏற்கெனவே ஒரு வரி சொல்லியிருந்தேன். தவிர, பொய் சொல்வதற்கு ஒரு தெம்பு வேண்டும். சொன்னதை நினைவில் வைத்திருக்க வேண்டும், கேட்கும்போதெல்லாம் அதே மாதிரிச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு இருக்கவில்லை.

"வேண்டாம் அண்ணை. உள்ளதையே எழுதுவம்."

"அப்பிடியெண்டா வீட்டை போய் எல்லாத்தையும் விபரமா எழுதும். எந்த இடம், என்ன வேலை, ஆர் ஆர் இருந்தவை, முழுக்க. நான் இங்கிலீசில மாத்தித் தாறன். அங்கத்த ஆக்களிட்ட ஒரு கடிதமும் எடுக்கப் பாரும்."

அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி ஒரு சி.ஆர். கொப்பியுடன் வந்து உட்கார்ந்தாள். மெசினில் அகப்பட்டு என் வலது பெருவிரல் வீங்கியிருந்ததால் எழுதுவது அவள் பொறுப்பாயிற்று.

"சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்லுறது? மண்தான்."

"ஆறு வருசமும் மண்ணோ? கலியாணம் கட்டி மூண்டு வருசமாச்சு. நீங்கள் அரபு நாட்டில நிண்டதெண்டதைத் தவிர எனக்கு ஒண்டும் தெரியாது."

அது உண்மை. அவளிடம் மறைக்கவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று சொல்லத் தொடங்கினேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஒரு ஏஜென்சி மூலம் போனேன். டிரைவர் வேலை என்றார்கள். விமான நிலையத்திலிருந்து ஒரு பிக்கப்பில் ஏற்றி வடக்கே ஒன்றரை நாள் கொண்டுபோனார்கள். ஈராக் எல்லைப் பக்கம். தார் ரோட்டை விட்டு இறங்கியபின் வழியென்று எதுவும் இல்லை, முன்னே போன டயர்களின் தடம் மட்டும். கடைசியில் ஒரு டீசல் எஞ்சின், அதன் மேல் தகரக் கூரை, உயர்ந்த தண்ணீர்த் தாங்கி ஒன்று, கால்நடைகள் குடிக்கும் நீண்ட சிமெந்துத் தொட்டி. சுற்றிவர நாற்பது வீடுகள் இருக்கும். எஞ்சினை ஓட்டித் தாங்கியை நிரப்புவதுதான் என் வேலை. ஊரில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தவன் என்பதால் எஞ்சின் எனக்குப் புதிதில்லை. அதைப் பழுதாகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது, அங்கேயே தகரக் கொட்டிலில் கிடக்க.

வீடுகள் சிமெந்தில் கட்டியவை. ஆனால் சனங்கள் உள்ளே படுப்பதில்லை. முற்றத்தில் ஆட்டு மயிரால் நெய்த கறுப்புக் கூடாரத்தை அடித்துக்கொண்டு அதில் இருந்தார்கள். வீட்டுக்குள்ளே தீவன மூட்டையும் குட்டி போட்ட ஆடுகளும்.

மனைவி சிரித்துவிட்டாள். "ஆட்டுக்கு வீடு, ஆக்களுக்குக் கூடாரமோ?"

"ஓம். சுவருக்குள்ள மூச்சு முட்டுதாம்."

ஊர்த்தலைவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். ஒற்றைக்கண். மாலைத் தொழுகை முடிந்து எஞ்சினடிக்கு வருவார். தன்னோடு ஒரு கோப்பித் தூக்கும் கொண்டுவருவார். முதல் வருடம் அவர் பேசியது எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் வருடம் விளங்கியது. அவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் இல்லை. ஒட்டகங்களோடு மழையின் பின்னால் போய்க்கொண்டிருந்தவர்கள். தலைவர் இளைஞனாக இருந்த காலத்தில், தொடர்ந்து பல வருடங்கள் மழை பொய்த்தது. ஒட்டகங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. எண்ணெய்க் குழாய் போட்டவர்கள் அந்தப் பக்கம் ஓர் ஆழ்கிணறு தோண்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மிஞ்சியவற்றை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மிஞ்சியவையும் தண்ணீர் குடித்த பிறகே செத்தன. தின்ன ஒன்றும் இல்லாமல்.

"நாங்கள் இங்கே குடியேறவில்லை," என்று அவர் சொன்னார். "ஏறிப்போக ஒட்டகம் இல்லாததால் உட்கார்ந்தோம். பிறகு எழும்பவில்லை."

இதைச் சொன்னபோது மனைவி எழுதுவதை நிறுத்தினாள். "இதையும் எழுதவோ? அவங்களுக்கு இது தேவையில்லாத கதை."

"எழுதும். அங்க இருந்திராட்டி எனக்கு இது தெரிஞ்சிராதுதானே."

ஊருக்குக் கிழக்கே கல்லறைகள் இருந்தன. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். பெயர் ஒன்றும் எழுதுவதில்லை. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று தலைவருக்குத் தெரியும். மாரியில் இடி முழங்கி மழை பெய்தால், சில கிழமைகள் கழித்து மண் சின்னச் சின்னதாக வெடிக்கும்; வெடிப்புக்குள் உருளைக்கிழங்கு போல ஒரு காளான் இருக்கும். ஊரே குனிந்து தேடும், நானும் தேடியிருக்கிறேன். வைகாசி தொடங்கினால் மணற்காற்று. சோற்றில் மண், காதில் மண். எஞ்சினின் காற்று வடிகட்டியை நாளுக்கு இரண்டு தரம் கழுவுவேன்.

மூன்றாவது ஞாயிறு அவள் கேட்டாள்: "பொம்பிளையளைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை?"

நான் யோசித்தேன். அவர்கள் தண்ணீருக்கு வருவார்கள். முகம் பார்த்ததில்லை. நடையை வைத்தும் பின்னால் வரும் ஆடுகளை வைத்தும் இன்ன வீட்டுக்காரி என்று அறிவேன். பிள்ளைப்பேறு யார் பார்த்தார்கள், தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், எதுவும் தெரியாது.

"எனக்குப் பாதி ஊர்தான் தெரியும்," என்றேன். அவள் அதையும் எழுதினாள்.

பிறகு எஞ்சின் நின்ற கோடையைச் சொன்னேன். நான் போய் நான்காவது வருடம், ஆடி மாதம். ஆழ்கிணற்றுக்குள் இறங்கும் இரும்புத் தண்டு முறிந்துவிட்டது. பட்டணத்தில் கொம்பனிக்காரரிடம் போய்ச் சொன்னேன். சாமான் வர மூன்று கிழமை செல்லும் என்றார்கள். பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. அது மனிதருக்கே மட்டுமட்டு. தொட்டி காய்ந்தது. ஆடுகள் வெறும் சிமெந்தை நக்கிக்கொண்டு கத்தத் தொடங்கின. நாள் முழுக்கக் கத்தின. என் கொட்டில் தொட்டிக்குப் பக்கத்தில்.

ஆழ்கிணறு வருவதற்கு முந்திய பழைய கிணறு ஒன்று ஊருக்கு வெளியே கிடந்தது. கயிறு உரசி உரசி வாய்க்கல்லில் விரல் ஆழத்துக்குத் தடங்கள். உள்ளே மணல் மூடிவிட்டது. அந்தக் கிணறு செத்துப்போய்விட்டது என்றார் தலைவர். யாழ்ப்பாணத்தில் வருடாவருடம் கிணறு இறைத்துச் சேறு அள்ளியவன் நான். இறங்கிப் பார்க்கிறேன் என்றேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கயிறு கொண்டுவரச் சொன்னார்.

பன்னிரண்டு பாகம், எழுபது அடிக்கு மேல் ஆழம். நான் கீழே நின்று வாளியில் அள்ள, மேலே ஆறேழு பேர் இழுத்தார்கள். இரண்டாம் நாள் பக்கத்து மணல் சரிந்து இடுப்புவரை மூடியது. நான் போட்ட சத்தத்தில் இழுத்து எடுத்தார்கள். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. மூன்றாம் நாள் திரும்பவும் இறங்கினேன். வீரம் ஒன்றுமில்லை. இறங்காவிட்டால் கொட்டிலில் இருந்து ஆடுகள் கத்துவதைக் கேட்கவேண்டும். கிணற்றுக்குள் அந்தச் சத்தம் இல்லை.

"விழுந்து செத்திருந்தா ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள் மனைவி.

"கொம்பனிக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சிராது."

"அப்ப உமக்கு என்னையே தெரியாதே."

"அதைத்தான் சொல்லுறன்," என்றாள். எழும்பிப் போய் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டாள்.

நான்காம் நாள் மணல் ஈரமாயிற்று. ஐந்தாம் நாள் தண்ணீர். மனிதர் வாயில் வைக்க முடியாத கசப்பு, ஆடுகள் குடித்தன. அப்படியும் பல குட்டிகள் செத்தன. மூன்று கிழமை என்றவர்கள் ஐந்தாவது கிழமை வந்து எஞ்சினைத் திருத்தினார்கள். அதுவரைக்கும் என்னை "ரஃபீக்" என்றுதான் கூப்பிடுவார்கள். தோழன் என்று பொருள், ஆனால் வெளிநாட்டுக் கூலிகள் எல்லோருக்கும் அதுதான் பெயர். அதன் பிறகு "கிணற்றுக்காரன்" என்றார்கள். என் சொந்தப் பெயர் கடைசிவரை ஒருவர் வாயிலும் நுழையவில்லை.

எண்பத்தொன்பதில் ஒப்பந்தம் முடிந்தது. காலையில் பிக்கப் வந்தது, புதிய ஆள் ஒருவன் இறங்கினான், நான் ஏறினேன். தலைவர் அன்று ஆடு விற்கப் பட்டணம் போயிருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கொப்பியில் இருபத்திரண்டு பக்கம் வந்தது.

கடிதம் எடுப்பதற்கு எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பக்டரியில் பிளாஸ்டிக் கலக்கும் இடத்தில் ஓர் ஈராக்கியர் வேலை செய்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவராம். சாப்பாட்டு இடைவேளையில் விஷயத்தைச் சொன்னதும், ஊரின் பெயரைக் கேட்டார். "எல்லைக்கு ஈராக் பக்கம் எங்கள் பட்டணம். உங்கள் ஆட்கள் எங்கள் சந்தைக்கு ஆடு கொண்டுவருவார்கள்," என்றார். அங்கேயே அரபியில் ஒரு பக்கம் எழுதித் தந்தார். ஊர்த்தலைவர், இன்ன கிணற்றடி, பட்டணத் தபாலகம் ஊடாக என்று உறையிலும் அவரே எழுத, நான் அனுப்பினேன். நம்பிக்கையில்லை.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. பனி கரைந்து வாசலெல்லாம் சேறாக இருந்தது. பிரிக்காமலே பக்டரிக்குக் கொண்டுபோனேன். ஈராக்கியர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, முதலில் தனக்குள் படித்தார்.

"எழுதியது தலைவரின் மகன். தகப்பன் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டாராம்."

அவர் மீதியை வாசித்தார்: இந்த மனிதன் எங்களோடு ஆறு வருடம் இருந்தான். எங்களுக்குத் தண்ணீர் தந்தான். பழைய கிணற்றைத் திறந்தான். இதற்கு நாங்கள் சாட்சி. கீழே ஒன்பது பெருவிரல் அடையாளங்கள். பிறகு ஊர்ச் செய்தி. சண்டைக் காலத்தில் இராணுவ வாகனங்கள் வந்து நின்றதாம். எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். சனங்களெல்லாம் தார் ரோட்டோரம் கட்டிய புதிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது. கிணற்றடியில் இப்போது ஒருவரும் இல்லை. கல்லறைகள் மட்டும்.

"உங்கள் பெயரைக் கிணற்றுக்காரன் என்றுதான் எழுதியிருக்கிறான்," என்றார் ஈராக்கியர் சங்கடத்தோடு.

படிவ அண்ணை கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, உதில உம்மட பேரே இல்லை."

"அவைக்கு என்ர பேர் தெரியாது, அண்ணை."

"பேரில்லாத கடிதத்தை வச்சு நான் என்ன செய்ய?" என்றார். ஆனாலும் தூக்கிப் போடவில்லை. கொப்பியின் மொழிபெயர்ப்புக்குப் பின்னால் கடிதத்தையும் வைத்துக் கிளிப் போட்டார். "சரி, இருக்கட்டும். கிணத்துக் கதை ரெண்டிலயும் ஒண்டாத்தானே கிடக்கு."

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அதிகாரி ஒரு பெண். கோப்பைப் புரட்டி, கடிதத்தில் இருந்த பெருவிரல் அடையாளங்களைச் சற்று நேரம் பார்த்தார். தண்ணீர் உண்மையாகவே வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வந்தது, ஆனால் கசப்பு என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அந்தக் கடிதத்தால்தான் வதிவிடம் கிடைத்ததா, இல்லாவிட்டாலும் கிடைத்திருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பத்திரம் தபாலில் வந்த அன்று மனைவி பேக்கரியில் இருந்து ஒரு கேக் கொண்டுவந்தாள். நான் அதில் பாதியைத் தின்றுவிட்டுச் காலிலிருந்த சப்பாத்தும் கழற்றாமல் சோபாவில் தூங்கிப்போனேன் என்று அவள் சொல்வாள்.

தலைவரின் மகனுக்கு நன்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஈராக்கியரும் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினார், இடைவேளையில் வா, பத்து நிமிட வேலை என்று. தகப்பனைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று போனது. பிறகு என்னை வேறு ஷிஃப்ற்றுக்கு மாற்றினார்கள். நாங்கள் ரூஜ் பக்கம் வீடு மாறினோம், பஸ் மூன்றாயிற்று. ஒரு நாள் பிளாஸ்டிக் கலக்கும் இடத்தில் வேறொருவர் நின்றார். ஈராக்கியர் மேற்கே எங்கோ மகளோடு போய்விட்டார் என்றார்கள்.

அரபி எழுதத் தெரிந்த இன்னொருவரை நான் தேடவில்லை. தேடியிருந்தால் கிடைத்திருப்பார்.