கருகிய பக்கத்தில் சுக்குக்காப்பி

எங்கள் வேதப்புத்தகத்தின் முதல் தாளில் அப்பாவின் குறிப்பு: "ஆடி மாதம். ஏலக்காய் ஸ்டோரில் காயவைத்தபோது கருகியது." வருடம் இல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் என்பது என் கணக்கு. இன்று திறந்தபோதும் ஏலக்காய் மணந்தது. போடிமெட்டுக்கு அருகே எங்கள் எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் மழைக்காலம் முழுவதும் சுவர் கசியும், துணியில் ஈரம் விடாது, புத்தகத்தில் பூஞ்சை படரும். அதனால் ஸ்டோர் எனப்படும் உலர்த்துக் கூடத்தில், ஏலக்காய் உலர்த்தும் சூட்டில் அதையும் வைத்து எடுப்போம்.

அந்த ஆடியில் அண்ணன் அப்பாவோடு சண்டையிட்டு மலையிறங்கிப் போயிருந்தான். வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பிவரும் கதையை மாலை ஜெபத்தில் வாசித்த அம்மா, தகப்பன் அவனைத் தூரத்தில் காணும் இடத்தில் நின்றுவிட்டாள். மீதி கருகியிருந்தது. அவளுக்கு மனப்பாடம்தான், ஆனாலும் புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, மிச்சத்த நீ சொல்லு."

"அப்பா சுக்குக்காப்பி போட்டுக் குடுத்தாரு" என்றேன். நான் கட்டிய முதல் கதை அதுதான்.

"திட்டலையாக்கும்?" என்றார் அப்பா.

"குளிருல வந்த பிள்ளைய யாராவது திட்டுவாவளா?" என்ற அம்மா, அன்றைய நன்றி ஜெபத்தில் காப்பியையும் சேர்த்துக்கொண்டாள்.

அண்ணன் வந்த அன்று காப்பி ஆற்றிக் கொடுத்தவர் அப்பா. அது அந்த மழைக்குள்ளா, கிறிஸ்துமஸுக்கா என்பதை மட்டும் இன்னும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.