மேயரின் மூச்சுக்கு அளவெடுத்த பேச்சு

பல்கேரியாவின் மலையடி நகரம் ஒன்றில், மேயர் கெர்கினுக்குப் பதினெட்டு வருடமாகப் பேச்சு எழுதியவள் வியோலெதா. பேச்சைத் திரையில் வரிவரியாக ஓட்டிக் காட்டும் டெலிப்ராம்ப்டர் வந்த பிறகு அவள் பாடு இரண்டு மடங்காயிற்று. மேயர் ஓயாமல் புகைபிடிப்பவர். நான்கு சொல்லுக்கு மேல் மூச்சு தாங்காது. எனவே வரிக்கு நான்கே சொல். புதுப் பல்செட்டில் 'ஸ' வந்தால் விசில் அடிக்கும். அந்த எழுத்துள்ள சொற்களையெல்லாம் களைந்தாள். முக்கியமான சொல்லை இரண்டு முறை எழுதினாள். முதல்முறை சொல்லும்போது அவருக்கு இருமல் வந்துவிடும்.

வெந்நீர்க் குளியல் கூடத்தின் திறப்பு விழா அன்று காலை மேயரின் தாடை வீங்கிவிட்டது. பேச்சை வாசிக்கும் பொறுப்பு, அவரை அறவே பிடிக்காத துணை மேயர் ஸ்தாமென் தலையில் விழுந்தது.

"ஒரு தடவை வாசிச்சுப் பாத்துடுங்க சார்."

"எதுக்கும்மா? இருபது வருசம் வாத்தியாரா இருந்தவன் நான். எனக்கு வாசிக்கத் தெரியாதா?"

மேடையேறினார்.

"என் அன்பான ஊர் மக்களே... ஊர் மக்களே..."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்தாமென் வேகமாக வாசிக்கப் பார்த்தார். அடுத்த வரி வந்தால்தானே? திரையை ஓட்டிய வியோலெதாவின் விரல்கள் பழக்கதோஷத்தில் மேயரின் மூச்சுக்கே நகர்ந்தன. அவசரத்தில் ஸ்தாமெனுக்குப் புரையேறியது. இருமினார்.

"ஐயய்யோ, அப்படியே கெர்கின்!" என்று ஒரு பெண் கத்த, கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அதுவரை ஸ்தாமென் பேசினால் தூங்குகிற கூட்டம் அது. மனிதர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, கட்டைவிரலை மேயரைப் போலவே இடுப்புவாரில் செருகிக்கொண்டார்.

விழா முடிவதற்குள் வியோலெதாவுக்கு மேயரின் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

"டிவியில பாத்தேன். அவன் என்னை நக்கல் பண்றான்! எவன் எழுதிக் குடுத்தது?"

"நான்தாங்கய்யா. உங்களுக்கு எழுதினதுதான். ஒரு எழுத்துகூட மாத்தல."

மறுமுனையில் மேயர் இருமினார்.

"நான்... இப்படித்தான் பேசுறேனா?"

"இருமலை மட்டும் அவரு கொஞ்சம் கூட்டிட்டாருங்க."

அவள் தொலைபேசியை வைக்கவும் ஸ்தாமென் முகமெல்லாம் சிவந்து வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று எழுந்துகொண்டாள்.

"அடுத்த மாசம் பள்ளிக்கூட விழாவுல நான் பேசணும். எழுதித் தர்றியாம்மா?"

"தர்றேன் சார். உங்க மூச்சு எவ்வளவு தாங்கும்னு அளந்துக்கறேன்."

"அதெல்லாம் வேணாம்," என்றார் அவசரமாக. "இந்த மூச்சே இருக்கட்டும்."