வங்கிக்கு வைத்த புது மொய்

போன புதன்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

அன்றைக்கு மத்தி மீன் குழம்பு. அதுவும் முந்தின நாளே வைத்து, நன்றாக ஊறிய குழம்பு. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டார். முப்பது வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம் – மீன் குழம்பை மட்டும் அவர் ஒருநாளும் பகைத்துக்கொண்டதில்லை.

"ஏங்க, யாரு என்ன சொன்னாங்க?"

"பேங்க்காரன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. நான் செஞ்ச மொய்யைத் திருப்பி அனுப்பிட்டான்."

சிரித்துவிட்டேன். தப்புதான். ஆனால் நீங்களே சொல்லுங்கள் – பேங்க்குக்கு யாராவது மொய் செய்வார்களா?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாங்கள் இருப்பது தஞ்சாவூரில். இவருக்குச் சொந்த ஊர் பேராவூரணி பக்கம், தென்னந்தோப்பு அங்கேதான். போன சித்திரையில் தோப்பு போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. தலையைப் பிளக்கிற வெயில். தண்ணீர் இல்லாமல் மரங்கள் குரும்பை குரும்பையாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டன. புது மோட்டார், கேபிள், பைப் எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் என்றார்கள். கையில் அவ்வளவு இல்லை. தேங்காய் வியாபாரியிடம் முன்பணம் வாங்கலாம். வாங்கினால் அப்புறம் அவர் சொல்வதுதான் விலை.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சுகன்யாதான் வழி சொன்னாள். அவளுடைய கிரெடிட் கார்டில் ஒரு ஆஃபர். மோட்டாரை வாங்கிக்கொள்ளலாம், மாதம் ஐயாயிரமாக ஒரு வருஷத்தில் கட்டிவிடலாம், வட்டி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை – ஒரு மாதம் தவறினாலும் ஆஃபர் ரத்து, மிச்சம் இருக்கிற கடனுக்கெல்லாம் வட்டி.

"வட்டியே இல்லாம எவன் குடுப்பான்?" – இது இவர்.

"ஏன், உங்க ஊர்ல குடுக்கலையா?" – இது நான்.

அந்த வாரமே மோட்டார் வந்து இறங்கியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி, ஆவணி வந்தால் பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை – பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் மட்டும் வாங்குவார்கள். நான் நெல் விளைகிற பக்கத்துப் பெண். எனக்கு இதெல்லாம் புதுசு. கல்யாணமாகிப் போன முதல் ஆடியில் பந்தலைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கும் என் நாத்தனார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் அருமையான ஏற்பாடு. ஊரே சேர்ந்து ஒருவருக்கு வட்டியில்லாமல் கை நிறையக் கொடுக்கிறது. மற்றவர்கள் விருந்து வைக்கும்போது அவர் திருப்பிச் செய்கிறார். ஆனால் ஒன்று... வாங்கியதை வாங்கியபடி திருப்பக் கூடாது. பழைய மொய் ஆயிரம் என்றால், அதற்கு மேல் கொஞ்சம் புது மொய் வைக்க வேண்டும். கணக்காக ஆயிரம் மட்டும் வைத்தால், 'உனக்கும் எனக்கும் தீர்ந்தது, இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்' என்று அர்த்தம். இந்த ஊர்க்காரருக்குத்தான் நாங்கள் கிரெடிட் கார்டு கடனைக் கட்டச் சொல்லிக்கொடுத்தோம்.

மாதாமாதம் ஞாபகம் வைத்துக் கட்டுவது இவரால் ஆகாத காரியம். தோப்பில் இறங்கிவிட்டால் கிழமையே தெரியாது. அதனால் சுகன்யா, "உங்க அக்கவுன்ட்லேருந்து தானா போற மாதிரி பண்ணிடலாம்பா" என்றாள்.

"தானா போறதுன்னா? நான் இல்லாத நேரத்துல எவனோ தோப்புல புகுந்து காய் இறக்கிட்டுப் போற மாதிரில்ல இருக்கு?"

"இல்லப்பா. நீங்க சொல்ற தேதியில, நீங்க சொல்ற தொகைதான் போகும்."

"நான் சொல்ற தொகையா?"

இந்தக் கேள்வியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். மகள் என் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவர் தன் போனில் தட்டினார். மாதம் ஐந்தாம் தேதி என்று போட்டார். முடிவு தேதி என்கிற கட்டத்தில் அடுத்த சித்திரையைப் போட்டார். தொகையை மட்டும் என் பக்கம் திருப்பாமல் அடித்தார். எவ்வளவு தெரியுமா? ஐயாயிரத்து ஐநூறு!

பழசு ஐயாயிரம். புதுசு ஐநூறு.

நாலு மாதம் இப்படியே போயிருக்கிறது. பேங்க்காரனுக்கு நம் சம்பிரதாயம் என்ன தெரியும்? கூடுதலாகக் கிடந்த ரெண்டாயிரத்தை, புதன்கிழமை காலையில் வந்த வழியே இவர் அக்கவுன்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். கூடவே ஒரு எஸ்.எம்.எஸ். வேறு.

"சபையில வச்ச மொய்யை எடுத்து மூஞ்சில எறியிற மாதிரி இல்ல இது?" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது. சத்தியமாக!

"சரி விடுங்க, மிச்சம்தானே..."

"அதெல்லாம் விட்டாச்சு. உறவு வேணாம்னு சொன்னவன்கிட்ட நமக்கு என்ன போக்குவரத்து? நிறுத்திட்டேன்."

"எதை?"

"அந்த ஆட்டோ டெபிட்டை."

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ஐந்தாம் தேதி. வட்டி போனால் போகிறது, அதை விடுங்கள். சுகன்யா ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, வீட்டு லோனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். சம்பளத்தில் சேலை துணிமணி என்று பார்க்காமல், வருஷக்கணக்காகச் சேர்த்த பணம் அது. அந்த வாரம்தான் அவளுடைய கிரெடிட் ஸ்கோரைத் தோண்டித் துருவிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரம் பார்த்துத் தவணை தவறினால்?

போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை, குரல்தான் உடைந்திருந்தது.

"ஏம்பா இப்படிப் பண்ணீங்க? என் பேரு கெட்டுடும்பா."

"உன் பேரு ஏன் கெடப்போவுது? கடன் வாங்குனது நான்."

"கார்டு யாரு பேர்ல இருக்கு?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பேங்க் உங்களை நம்பிக் குடுக்கலப்பா. அவங்களுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. என்னை நம்பிக் குடுத்தாங்க. உங்களை நம்புனது நான்."

எனக்கே சுருக்கென்றது. எங்கேயாவது வட்டி இல்லாமல் ஒரு கடன் கிடைக்கிறது என்றால், அங்கே யாரோ தன் பெயரைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பேராவூரணி பந்தலிலும் அதேதான், பிளாஸ்டிக் அட்டையிலும் அதேதான். இது ஏன் எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை?

இவர் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... மோட்டாருக்கு மொய் செஞ்சது நீயா பாப்பா?"

"ஆமாப்பா."

"நான் ஒரு முட்டாப்பய!"

முப்பது வருஷத்தில் இந்த உண்மையை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. ரெக்கார்ட் பண்ணத் தோன்றவில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் தோப்புக்குக் கிளம்பவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் வேலையாகத் தவணையைக் கட்டினார். நிறுத்திய ஆட்டோ டெபிட்டை மறுபடி போட்டார். இந்தத் தடவை கணக்காக ஐயாயிரம். ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை.

"சித்திரையோட அவனுக்கும் நமக்கும் தீர்ந்துச்சு" என்று சொல்லிவிட்டு, "அந்த மீன் குழம்பு இருக்கா?" என்றார். இருந்தது. கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத்தான் போட்டேன்.

சனிக்கிழமை சுகன்யா போன் செய்தாள். லோன் ஓகே ஆகிவிட்டது! சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. இரண்டும்தான்.

"அம்மா, அப்பா என் அக்கவுன்டுக்கு ரெண்டாயிரம் அனுப்பியிருக்காங்க. கீழ 'புது மொய்'னு போட்டிருக்கு. இனிமே மாசாமாசம் ஐநூறு தானா வருமாம். எதுக்கும்மா இதெல்லாம்?"

இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "பேசாம வாங்கிக்க. சும்மா ஒண்ணும் தரலை. எனக்கு ஒரு தேவைன்னா நீயும் திருப்பிச் செய்யணும். மேல கொஞ்சம் வச்சுச் செய்யணும்."

"அப்படின்னா இது முடியவே முடியாதேப்பா!"

"முடியக் கூடாதுன்னுதான் செய்யிறது."

இவரா? தானாகப் பணம் போவதைத் தேங்காய்த் திருட்டு என்று சொன்ன அதே மனிதரா? சந்தேகத்தோடு அவர் போனை எடுத்துப் பார்த்தேன். பேங்க்குக்குப் போகிற ஐயாயிரத்துக்கு முடிவு தேதி, சித்திரை. மகளுக்குப் போகிற ஐநூறுக்கு அந்தக் கட்டத்தையே காலியாக விட்டிருக்கிறார். அப்படி விடலாம் என்பதே எனக்குத் தெரியாது.

அதெல்லாம் சரி... முப்பது வருஷ மீன் குழம்புக்கு என் பழைய மொய்யே இன்னும் வந்து சேரவில்லையே – அதற்கு எந்தத் தேதி போட்டிருக்கிறாராம்?