ப்ளக்ல மாட்டிக் காட்டுங்க

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் விறைப்பக்கா. காலருக்குப் போடும் கஞ்சியில் பாதியை இவளே குடித்துவிடுகிறாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். பதினோரு வருஷம் இஸ்திரிப் பிரிவில் நின்றபடியே வேலை. இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்ததுமே அது எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவாள்.

கடைசி வருஷம் அவளுக்குக் கொடுத்த பெட்டியில் சூடு கட்டுக்குள் நிற்கவில்லை. இரண்டு வாரமாகச் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் ஒரு கட்டுச் சட்டை முழுக்கக் காலர் மஞ்சளடித்துப் போயிற்று. மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார். ‘என் கவனக்குறைவால்’ என்று அது ஆரம்பித்தது.

“கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாரும்மா. ஒரு தாள்தானே.”

“தாளப் பத்திப் பிரச்சினை இல்ல சார். அதுல இருக்கிறது பொய். பெட்டி கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுங்க, ஒண்ணுக்கு ரெண்டாப் போடறேன்.”

அவர் எழுதவில்லை, அவளும் போடவில்லை. அன்றைக்கு மத்தியானமே வேலையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் முன்னறை ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின் இருந்தது. தையல்காரர்கள் கழித்துப்போடும் துண்டுகளை வாங்கி வந்து, சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சுப் படலம் வைத்துப் போர்வை தைக்க ஆரம்பித்தாள். ஒரு போர்வைக்கு இருநூறு சதுரம் வரும். ஒவ்வொரு தையலையும் அப்போதைக்கப்போது இஸ்திரி போட்டுப் படியவைக்காவிட்டால், பத்தாவது வரிசையில் மூலைகள் ஒன்றோடொன்று முகம் திருப்பிக்கொள்ளும். ஆக, வேலையில் பாதி மெஷினுக்கு, பாதி இஸ்திரிப் பெட்டிக்கு.

பெட்டியை நாத்தனார் வாங்கிக் கொடுத்திருந்தாள். நீல நிறம், கோழி இறகு மாதிரிக் கனம், பொத்தானை அழுத்தினால் ஆவி வரும். நாலாவது மாதம் ஆவியோடு துருத் தண்ணீரும் வந்தது. ஒரு நர்ஸ் தன் தங்கை குழந்தைக்காகச் சொல்லியிருந்த போர்வை அது. சந்தன நிறத்தின் நடுவில் பழுப்பாக ஒரு கறை. சோப்பு, எலுமிச்சை எதற்கும் அசையவில்லை. நர்ஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். பதினாறு சதுரங்களைப் பிரித்துப் புதிதாக வைத்துத் தைத்தாள். விரல் நுனியெல்லாம் எரிந்தது.

நாத்தனாருக்கு மனசு கசந்தது. “ஆசையா வாங்கிக் குடுத்தேன் அண்ணி.”

“உன் ஆசையில ஒரு குறையும் இல்ல. பெட்டியிலதான் குறை” என்றாள். அடுத்த நாளே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். அவர் பஸ் ஓட்டுகிறவர். எந்த நெரிசலிலும் நிதானமாக வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஆனால் இவளோடு கடைக்குப் போவதென்றால் மட்டும் இரண்டு தடவை யோசிப்பார்.

விற்பனையாளர் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். கண்ணாடி அலமாரியிலிருந்து பெரிய பெட்டி ஒன்றை இறக்கினார். “இதுதான் மேடம் டாப். நாற்பது ஓட்டை வழியா ஆவி வரும். லைட்டெல்லாம் எரியும்.”

“லைட் எங்க வீட்லயே இருக்கு தம்பி. ப்ளக்ல மாட்டிக் காட்டுங்க.”

“அட்டைப் பெட்டியப் பிரிச்சா அப்புறம் விக்க முடியாது மேடம். கம்பெனி கேரண்டி இருக்கு, நம்பி எடுத்துட்டுப் போங்க.”

“நம்பித்தான் போன பெட்டிய வச்சிருந்தேன்.”

அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மாட்டிக் காட்டாமல் எழுந்திருக்கப்போவதில்லை என்று சத்தம் போடாமல் சொன்னாள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் மின்விசிறிகளின் விலைச்சீட்டை மனப்பாடம் செய்கிறவர்போல நின்றார். “வாம்மா, வேற கடை பாக்கலாம்” என்று முணுமுணுத்தார். “வேற கடையிலயும் இதே நாற்காலிதாங்க இருக்கும்” என்றாள்.

கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டார். கூட்டத்தைப் பார்த்தார். “மாட்டுப்பா” என்றார்.

பையிலிருந்து கனமான துண்டை எடுத்து மேசையில் விரித்தாள். அதன்மேல் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து போட்டாள். பெரிய பெட்டி சூடானதும் துணிமேல் வைத்துப் பத்து எண்ணி எடுத்தாள். நடுவில் காய்ந்திருந்தது, நுனியில் ஈரம் அப்படியே இருந்தது. ஓட்டைகள் இருந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக நனைந்திருந்தது.

“மூலைய நுனியாலதான் படியவைக்கணும். அங்க சூடே வரல. ஓட்டையோட தடம் வேற விழுது, பாருங்க.”

அடுத்த பெட்டியில் நுனி நன்றாகக் காய்ந்தது. அதை ஓரமாக நிறுத்திவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த துணிச் சதுரங்களை நிதானமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எட்டாவது நிமிஷம் அது தானாக அணைந்தது.

“அது பாதுகாப்புக்கு மேடம்” என்றார் இளைஞர்.

“மறதிக்காரங்களுக்கு நல்லது. நான் ஒரு தையல் போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள இது தூங்கிப்போனா, நாள் முழுக்க எழுப்பிக்கிட்டே இருக்கணும்.”

குனிந்து அலமாரியின் அடித்தட்டைப் பார்த்தாள். தூசி படிந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கேட்டாள். உள்ளே இருந்த இஸ்திரிப் பெட்டிக்கு ஆவியும் இல்லை, விளக்கும் இல்லை. அடிப்பாகம் ஓட்டையில்லாமல் வழவழவென்றிருந்தது. கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. ஒயர் தாராளமான நீளம். பத்து எண்ணினாள். நுனியிலிருந்து வால்வரை அச்சு வார்த்ததுபோல ஒரே சீராகக் காய்ந்திருந்தது. நாலு சதுரம் சேர்த்துத் தைத்த துணியை வைத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்தினாள். நாலு மூலையும் ஒரே புள்ளியில் படிந்தன.

“பழைய மாடல் மேடம். யாரும் வாங்கறதில்ல.”

“யாரும் மாட்டிப் பாக்கல, அதான்.”

பக்கத்தில் பெரிய பெட்டியோடு நின்ற பெண் அதை மேசையில் வைத்துவிட்டு, “அக்கா, அந்த ஈரத்துணிய இப்படிக் கொஞ்சம் குடுங்க” என்றாள்.

நர்ஸ் போர்வையை வாங்கிப்போன வாரத்தில், பழைய மாடலை வாங்கியபோது பில்லில் எழுதிய நம்பரைப் பார்த்துக் கடை முதலாளி போன் செய்தார். சனிக்கிழமை தோறும் கடையில் உட்கார்ந்து பெட்டிகளைச் சோதித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். “ஆனா எங்ககிட்ட இருக்கிறது எல்லாமே நல்லதுன்னுதான் சொல்லணும்.”

“அப்ப நான் எதுக்கு? அட்டையிலயே அப்படித்தான் போட்டிருக்கு” என்று வைத்துவிட்டாள்.

மூன்று நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். “சரிம்மா. உங்க வாய்க்கு வந்தத சொல்லுங்க. வாங்க.”

போனாள். முதல் சனிக்கிழமையே ஐந்து பெட்டிகளில் மூன்றை, வாங்க வந்தவர்கள் முன்னாலேயே, ஆகாது என்று ஒதுக்கிவைத்தாள். இளைஞர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர், “ஏம்மா, கடைக்காரர் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாரா?” என்று கேட்டார்.

“சொல்லுவாரு” என்றாள், ஆறாவது பெட்டியின் ஒயரைப் பிரித்துக்கொண்டே. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சூடா இருக்கு.”